கொழும்புத் தொடர்மாடியில் ஒரு ஹரிகேன்: இராட்சத அளவு மாதிரிப் போர்விமானத்தைப் பூட்டி முடிக்கும் வழி

ரேடியோவால் இயக்கும் இராட்சத அளவு மாதிரி விமானங்களில் எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தொடர்மாடியின் லிஃப்டையும் படிக்கட்டு திரும்பும் மூலையையும் அளந்துவிட்டு வாருங்கள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஐந்தாம் மாடியில் குடியிருப்பவருக்கு இதுதான் முதற்படி. இரண்டு மீற்றர் நீள உடற்பகுதி லிஃப்டுக்குள் நிற்காவிட்டால் படிக்கட்டு வழியே தூக்கித்தான் இறக்க வேண்டும். திருப்பத்தில் வால் ஒருமுறை சுவரில் இடித்தால் போதும், மாதக்கணக்கான வேலை வீணாகிவிடும். பிறகு வண்டி. ஓட்டோவில் இது ஏறாது. பின் இருக்கைகளை மடக்கக்கூடிய வான் ஒன்று கைவசம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒற்றை அடுக்கு இறக்கை உள்ள விமானமானால் இறக்கையின் முழு அகலம் 80 அங்குலம், அதாவது இரண்டு மீற்றருக்குச் சற்று மேல், இருந்தால்தான் இராட்சத அளவு என்ற கணக்கில் சேர்ப்பார்கள். இரட்டை அடுக்கானால் 60 அங்குலம் போதும். இந்த வகைப் போர்விமானம் 10 முதல் 15 கிலோ வரை எடை வரும். மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிப் பறக்கும். ஆகவே ‘புதியவர்களுக்கு’ என்று நான் எழுதுவது, இந்த அளவுக்குப் புதியவர்களுக்கு மட்டுமே. பயிற்சி விமானம் ஒன்றையும், தாழ்ந்த இறக்கை கொண்ட நடுத்தர விமானம் ஒன்றையும் தடுமாறாமல் தரையிறக்கத் தெரியாதவர் இந்தப் பெட்டியை வாங்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

எந்த விமானம்

என் தெரிவு, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பறந்த ஹோக்கர் ஹரிகேன், ஐந்தில் ஒரு பங்கு அளவு. உண்மை விமானத்தின் இறக்கை 12.19 மீற்றர், மாதிரியில் 2.44 மீற்றர் வரும். எல்லோரும் அதே காலத்துப் பிரித்தானிய விமானமான ஸ்பிட்ஃபயரைத்தான் கேட்பார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக நின்று வெளிப்புறமாக மடங்குபவை. ஓடுபாதையில் சற்றுக் காற்று அடித்தாலும் ஒருபக்கம் சரியும். ஹரிகேனின் கால்கள் அகன்று நின்று உட்புறமாக மடங்கும். இறக்கையும் தடித்தது, வேகம் குறையும்போது சட்டென்று கவிழ்க்காது. முதல் இராட்சத விமானத்துக்கு இந்த இரண்டு குணங்களும் அழகைவிட முக்கியம்.

கொழும்புக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்து எழுந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிகேன்கள். 30ஆம் படையணி இரத்மலானையில் இருந்தது. 258ஆம் படையணி நம் கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலை ஓடுபாதையாக்கிக்கொண்டிருந்தது. இன்று கடைகளும் விளையாட்டுத் திடலுமாக இருக்கும் அதே இடம்தான். நம் ஊரில் இருந்து பறந்த ஒன்றைக் கட்டும்போது வண்ணம், குறியீடு எல்லாவற்றுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

வரைபடத்தில் இருந்து கட்டுவது, வெட்டிய மரத்துண்டுகளாக வாங்குவது, பாதி முடிந்த நிலையில் வாங்குவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றாவதை ஏ.ஆர்.எஃப் என்பார்கள். சட்டம் கட்டி, மேலே படலமும் ஒட்டி வரும். பூட்டுவதும் பொருத்துவதும் நம் வேலை. தொடர்மாடியில் மரத்தூளோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு இதுவே சரி. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பெட்டியின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இராது. எஞ்சின், மடங்கும் கால்கள், அசையும் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள், பற்றரிகள் எல்லாம் வெளியேதான் காத்திருக்கின்றன.

அனுமதி

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ‘இது ட்ரோன் இல்லை, பொம்மை விமானம்’ என்று யாரிடமும் வாதாடிப் பயனில்லை. ஆள் இல்லாமல் பறப்பது எதுவானாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்குள் வரும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இத்தகைய பறப்புகள் சில காலம் முழுவதுமாக நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பாதுகாப்புத் தரப்பின் சம்மதம் தேவையா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ரேடியோக் கருவியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் எடுத்துவைத்தால் சுங்கத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

காலிமுகத் திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ பறக்கவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். இரத்மலானை விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கீழே முழுக்கச் சனம். நகருக்கு வெளியே, அனுமதி பெற்ற, ஆளரவமற்ற திறந்த வெளிதான் இதற்கு இடம்.

கடைத்தெரு

விமானத்துக்கே உரியவற்றைத் தவிர மற்றவை எல்லாம் கொழும்பிலேயே கிடைக்கும். நல்ல எஃகு போல்ட், பூட்டு நட், அலன் கீ தொகுதி ஆகியவற்றுக்குப் பழைய சோனகத் தெரு. எரிபொருள் குழாய்க்கான கிளிப், டூ-டி எண்ணெய், திருகாணி பூட்டும் பசை ஆகியவற்றுக்குப் பஞ்சிகாவத்தை. வயர், வெப்பத்தில் சுருங்கும் உறை, இணைப்பிகளுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம். போல்டின் மாதிரியைக் கையில் கொண்டுபோங்கள். “தம்பி, இது எந்த மோட்டார் சைக்கிளுக்கு?” என்று கேட்பார்கள். “மோட்டார் சைக்கிளுக்கு இல்லை நானா, விமானத்துக்கு” என்று சொல்லிவிட்டால் கடையில் இருக்கும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். வேலை தாமதமாகும், ஆனால் சரியான போல்ட் கிடைத்துவிடும்.

பெட்டியைத் திறந்ததும்

பூட்டத் தொடங்காதீர்கள். எல்லாப் பாகங்களையும் கட்டிலில் பரப்பி, கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி வையுங்கள். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் எடை வித்தியாசம் இருந்தால் இப்போதே தெரிய வேண்டும்.

அடுத்து, தொழிற்சாலை ஒட்டிய ஒவ்வொரு மூட்டையும் நம்பாமல் பாருங்கள். உடற்பகுதிக்குள் கைமின்விளக்கை அடித்து, எஞ்சின் தாங்கும் பலகை, கால்கள் பூட்டும் கட்டைகள், இறக்கைக் குழாய் நுழையும் இடம் ஆகியவற்றை விரலால் அழுத்துங்கள். பசை காய்ந்து பளபளத்தாலும் மரத்தில் இறங்காமல் மேலே மட்டும் நின்றிருக்கும் இடங்கள் உண்டு. சந்தேகமான எல்லா மூட்டுக்கும் முப்பது நிமிட எபொக்சியை, அதாவது இரண்டு கூறுகளைக் கலந்து பூசும் பசையை, மெல்லிய வரியாக ஓடவிடுங்கள். எஞ்சின் பலகையின் மூலைகளில் முக்கோண மரக்கீற்று ஒட்டினால் இன்னும் நல்லது. இது ஒரு மாலை நேர வேலை. விமானத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

கடற்கரை ஓர வீடுகளில் இரண்டு கூடுதல் சங்கடங்கள். பல்சா மரம் ஈரத்தை உறிஞ்சும். வெளிநாட்டில் காய்ந்த அறையில் இறுக்கி ஒட்டிய படலம் இங்கே வந்து இரண்டு நாளில் சுருக்கம் விழுந்து தொங்கும். பெட்டியைத் திறந்து சில நாள் அறையின் காற்றுக்குப் பழகவிட்டு, பிறகு குறைந்த சூட்டில் ஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டி இறுக்குங்கள். ஓரங்களை முதலில், நடுப்பகுதியைப் பிறகு. ஒரே பக்கத்தில் அதிக சூடு வைத்தால் எலிவேற்றர், அதாவது கிடைவாலின் அசையும் பின்பகுதி, முறுகிவிடும். ஆகவே மேலும் கீழுமாக மாற்றி மாற்றிச் சூடு காட்டுங்கள். இரண்டாவது சங்கடம் உப்புக் காற்று. பெட்டியோடு வரும் மலிவான போல்ட்கள் வெள்ளவத்தைக் காற்றில் ஒரு பருவத்துக்குள் துருப்பிடிக்கும். கிடைக்கும் இடமெல்லாம் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிடுங்கள். எஞ்சினையும் இறக்கையையும் தாங்கும் போல்ட்களுக்கு மட்டும் வலுக்கூடிய கறுப்பு எஃகையே வைத்து, எண்ணெய் தடவி வாருங்கள்.

பசைகளும் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். முப்பது நிமிட எபொக்சி கொழும்பு வெயிலில் அதற்கு வெகு முன்பே இறுகத் தொடங்கும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துப் பயன்படுத்துங்கள். குவளையில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே இறுகிவிடும். ஐந்து நிமிட எபொக்சியை வீட்டில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கீல்கள்

அசையும் பரப்புகளில் இருந்து தொடங்குவோம். இறக்கையின் வெளிப்பக்கத்து எய்லரன், உட்பக்கத்து ஃபிளாப், கிடைவாலின் எலிவேற்றர், நிமிர்ந்த வாலின் றடர் எல்லாவற்றுக்கும் இந்த அளவில் ஊசி வைத்த கீல்கள்தான் வரும். கீலின் மூட்டில் வாசலின் கொஞ்சம் தடவி, துளைக்குள் எபொக்சியைப் பல்குத்தும் குச்சியால் இறக்கி, கீலைச் செருகுங்கள். வாசலின் தடவாவிட்டால் பசை மூட்டுக்குள் புகுந்து அசைவைப் பூட்டிவிடும். பசை இறுகும் முன்பே பரப்பை முழுதாக மேலும் கீழும் அசைத்து, எல்லாக் கீல்களின் அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் கழித்து ஒவ்வொரு கீலையும் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வருவதானால் மேசையிலேயே வரட்டும்.

வாலின் எடை

ஹரிகேனின் மூக்கு குட்டை, வால் நீளம். இந்த அளவில் சமநிலைப் புள்ளிக்கு முன்னால் பாரம் வைக்கக்கூடிய இடம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றரில் முடிந்துவிடும். வாலோ அதற்குப் பின்னால் 120 சென்ரிமீற்றருக்கு மேல். எனவே வாலில் 100 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் ஏறக்குறைய 300 கிராம் ஈயம் வேண்டும். மொத்தத்தில் 400 கிராம் வீண் சுமை. வாலில் கூடுதல் வண்ணம், தடித்த பசை, பெரிய வால்சக்கரம் என்று கை நீளும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். றடருக்கான சர்வோவை முன்னால் வைத்து, இருபுறமும் கம்பியால் இழுக்கும் முறையில் பூட்ட இடம் இருந்தால் அதையே செய்யுங்கள்.

கிடைவாலை ஒட்டுவதற்கு முன் இறக்கையைப் பூட்டி, பின்னால் நின்று பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு இறக்கை நுனிகளில் இருந்தும் வால் நுனிகளுக்கு நூல் பிடித்து அளந்து, இருபுறமும் ஒரே நீளம் வரும்வரை நகர்த்துங்கள். பசை படும் இடத்தில் படலத்தை வெட்டி எடுக்கும்போது கத்தியை மரத்தில் இறக்காதீர்கள். கீறிய பல்சா அந்தக் கோட்டில்தான் ஒடியும்.

கால்கள்

காற்றழுத்தத்தால் மடங்குபவை, மின்சாரத்தால் மடங்குபவை என இரண்டு வகை இருக்கின்றன. புதியவருக்கு மின்சார வகையே நல்லது. காற்றுக் குழாய் எங்கே கசிகிறது என்று தேடும் வேலை இல்லை. விமானம் தரைமட்டமாக நிற்கும்போது சக்கரத்தின் அச்சு இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். பின்னுக்குப் போனால் தரையிறங்கும்போது மூக்குக் குத்தும். இரு சக்கரங்களும் முன்புறம் மிக லேசாக உள்நோக்கி இருந்தால் ஓட்டம் நேராக வரும். சக்கரம் மடங்கிக் குழிக்குள் போகும்போது எங்கும் உரசக்கூடாது. உரசினால் மோட்டார் திணறும், பற்றரி வற்றும். கால்களைத் தாங்கும் கட்டைகளை இன்னொரு முறை பாருங்கள். தரையிறக்கத்தின் முழு அடியும் அங்கேதான் இறங்குகிறது.

எஞ்சின்

இந்த அளவுக்கு 50 முதல் 60 சிசி வரையிலான பெற்றோல் எஞ்சின் பொருந்தும். 55 சிசி எஞ்சினுக்கு 22 அங்குல விட்டமும் 10 அங்குலப் புரியும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), அல்லது 23 அங்குல விட்டமும் 8 அங்குலப் புரியும் கொண்ட புரொப்பெல்லர் வழக்கம்.

முதலில் எஞ்சின் மூடியை உடற்பகுதியில் தற்காலிகமாக ஒட்டி, புரொப்பெல்லரின் நடுவில் வரும் கூம்பான ஸ்பின்னரின் பின்தட்டுக்கும் மூடிக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இடைவெளி வரும்படி எஞ்சினின் தூரத்தைத் தீர்மானியுங்கள். எஞ்சின் பலகை சற்று வலப்புறம் திரும்பியிருப்பது தொழிற்சாலைப் பிழை இல்லை. புரொப்பெல்லரின் இழுப்பை எதிர்ப்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நேராக்கிவிடாதீர்கள். பலகை முழுக்க மெல்லிய எபொக்சி பூசினால் பெற்றோல் மரத்தில் இறங்காது. போல்டின் அடியில் அகன்ற வாஷர் வையுங்கள்; உலோகத்துக்குள் உலோகம் இறங்கும் எல்லா இடத்திலும் திருகாணிப் பசை விடுங்கள். பிளாஸ்டிக்கில் அந்தப் பசை படவே கூடாது, வெடித்துப்போகும்.

எஞ்சினை இயக்கும் தீப்பொறிக்குத் தனிப் பற்றரி, தனி சுவிட்ச். தீப்பொறிப் பெட்டியையும் அதன் வயர்களையும் ரேடியோச் சைகையை வாங்கும் ரிசீவரில் இருந்து குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். கார்பரேற்றருக்குப் போகும் தண்டு உலோகமாக இருக்கக்கூடாது, நைலோன் நல்லது. உலோகத் தண்டு தீப்பொறியின் இரைச்சலை ரேடியோப் பக்கம் கொண்டுபோகும். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிற்றரில் இருந்தே தீப்பொறியை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கள். பிளக்கில் மூடி இல்லாமல், சுவிட்சைப் போட்டுக்கொண்டு புரொப்பெல்லரைச் சுற்றாதீர்கள். தீப்பொறிப் பெட்டி எரிந்துபோகலாம்.

இங்கே கொஞ்சம் நின்று வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். முப்பது பாகைக்கு மேல் நிற்கும் நம் வெயிலில் அது போதாது. ஹரிகேனின் மூடி ஒடுக்கமானது. முன்னால் உள்ள துளையால் வரும் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த்தகடுகளைத் தொடாமல் பக்கவாட்டில் தப்பித்துப் பின்னால் போய்விடும். மெல்லிய பலகையாலோ அட்டையாலோ தடுப்பு வைத்து, வரும் காற்று முழுவதும் அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து போகும்படி செய்யுங்கள். அடுத்தது வெளியேறும் வழி. உள்ளே வரும் துளையின் பரப்பைவிட வெளியே போகும் பரப்பு இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். மூடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், தயங்காமல் வெட்டுங்கள். வயிற்றின் அடியில் தொங்கும் குளிரூட்டிப் பெட்டி ஹரிகேனுக்கே உரியது. உள்ளே வெறும் கூடாக வருவதால், எஞ்சின் அறைக் காற்று அதன் வழியே வெளியேறும்படி உடற்பகுதியின் அடியைத் திறந்துவிட்டால் தோற்றமும் கெடாது.

எரிபொருள் கலம்

சிறிய விமானங்களில் நீங்கள் பயன்படுத்திய சிலிக்கன் குழாயை இதில் போடாதீர்கள். பெற்றோலில் ஊறி உப்பி அறுந்துபோகும். கலத்தின் அடைப்பும் பெற்றோல் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். மூன்று குழாய்கள்: ஒன்று கார்பரேற்றருக்கு, ஒன்று நிரப்புவதற்கு, மற்றது காற்று வழி. காற்றுக் குழாயை உடற்பகுதியின் அடியில், வெளியே நீட்டி முடியுங்கள். கலத்தைச் சுற்றி மெத்தைப் பஞ்சு வைத்து, பட்டியால் கட்டி, பூட்டும் முன் நீருக்குள் அமுக்கி ஊதிப் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் பிரித்து மறுபடி செய்யுங்கள்.

எண்ணெய் விகிதம் எஞ்சினின் கையேடு சொல்வதுதான். 40க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 25 மில்லிலீற்றர், 32க்கு 1 என்றால் 31. மருந்து ஏற்றும் பெரிய சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். கலந்த பெற்றோலை மாடிக்குக் கொண்டுவராதீர்கள். எரிவாயுச் சிலிண்டர் இருக்கும் அதே சமையலறைக்கு அடுத்த அறையில் பெற்றோல் கலம் இருப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். திடலிலேயே வடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

சர்வோ, பற்றரி, ரேடியோ

உலோகப் பல்சக்கரம் உள்ள, 15 கிலோ சென்ரிமீற்றர் அளவு இழுப்புத் திறன் கொண்ட சர்வோக்களை எடுங்கள். ஃபிளாப்புக்கு இன்னும் கூடியது. எலிவேற்றரின் இரு பாதிக்கும் தனித்தனி சர்வோ, ரிசீவரில் தனித்தனிச் சனல். ஒன்று செயலிழந்தாலும் மற்றதால் இறக்கிவிடலாம். பற்றரியிலும் அதே நியாயம்தான். 6.6 வோல்ட் லித்தியம் இரும்பு வகைப் பற்றரி இரண்டு, சுவிட்ச் இரண்டு, ரிசீவருக்குப் போகும் வயரும் இரண்டு. ஒரே சுவிட்சில் இரண்டு பற்றரிகளைக் கட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டையும் எஞ்சின் பலகையை ஒட்டி முன்னால் வையுங்கள். எப்படியும் மூக்கில் பாரம் வேண்டும், அதை ஈயமாக ஏன் வைக்க வேண்டும்?

தண்டுகள் பூட்டும்போது ஒரு விதி. சர்வோக் கையில் உட்துளை, பரப்பில் தண்டை மாட்டும் கொம்பில் வெளித்துளை. சர்வோவின் முழு அசைவும் பரப்பின் தேவையான அசைவாக மாற வேண்டும். அசைவு அதிகம் என்று டிரான்ஸ்மிற்றரில் சதவீதத்தைக் குறைத்துச் சரிக்கட்டினால் வலுவும் நுட்பமும் சேர்ந்து குறையும். கொம்பின் துளை கீலின் அச்சுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். நடுநிலையில் சர்வோக் கையும் தண்டும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். வயர் இணைப்பு ஒவ்வொன்றையும் கிளிப்பாலோ சுருங்கும் உறையாலோ பூட்டுங்கள். பெற்றோல் எஞ்சினின் அதிர்வில் பூட்டாத இணைப்பு மெல்ல மெல்லக் கழன்றுவிடும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் ரிசீவரின் அன்ரனாக்களை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், பற்றரிக்கும் கார்பன் பாகங்களுக்கும் தள்ளி ஒட்டுங்கள். தொடர்பு அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும்படி பாதுகாப்பு நிலையை அமைத்து, டிரான்ஸ்மிற்றரை அணைத்துச் சோதியுங்கள்.

சமநிலை

எல்லாம் பூட்டிய பின், வெறும் கலத்தோடு, கால்களை மடக்கிய நிலையில் பாருங்கள். ஹரிகேனின் கால்கள் உட்புறமாக மடங்குவதால் புள்ளி பெரிதாக நகராது. பின்னோக்கி மடங்கும் கோர்செயர் போன்றவற்றில் இது பெரிய வித்தியாசம் தரும். தாழ்ந்த இறக்கை விமானத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பதுதான் எளிது, இரண்டு பேர் வேண்டும். கையேடு சொல்லும் புள்ளிக்குச் சற்று முன்னால் நின்றால் முதற்பறப்புக்கு நல்லது. பின்னால் நின்றால் ஒரு கிலோ ஈயமானாலும் வையுங்கள். ஈயத்தை உருக்கத் தேவையில்லை. தட்டையாக்கி, எஞ்சின் பெட்டிக்குள் போல்டால் பூட்டுங்கள். பசையை மட்டும் நம்பி ஈயத்தை ஒட்டாதீர்கள்.

உடை

அழகுபடுத்தும் வேலையை வேண்டுமென்றே இவ்வளவு கீழே வைத்திருக்கிறேன். முதலில் வண்ணம் அடித்துவிட்டால், பிறகு வெட்ட வேண்டிய துளையை வெட்ட மனம் வராது.

ஹரிகேனில் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளின் தலைகள் எங்கே வரும் என்று தெரிந்து வையுங்கள். உடலின் முன்பகுதியும் இறக்கையும் உலோகத் தகடு. விமானியின் அறைக்குப் பின்னால் மரக்கீற்றுகள் மேல் இழுத்த துணி. ஆகவே பின்பாதியில் ஆணி வைப்பது தவறு. அங்கே நீளவாட்டில் மரக்கீற்றின் வரிகள்தான் துணிக்கு அடியில் மெல்லத் தெரிய வேண்டும். முன்பகுதி ஆணிகளுக்கு, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் வெள்ளைப் பசையை நிரப்பி, அளவுகோல் ஓரமாக ஒரே இடைவெளியில் சொட்டு வைத்துப் போங்கள். காய்ந்ததும் சொட்டு தாழ்ந்து ஆணித்தலையாகவே தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், காற்றில் நூலிழுக்கும்.

மேற்புறம் மண்ணிறமும் கரும்பச்சையும். இறக்கையிலும் உடலிலும் வரும் பிரித்தானிய வட்டக் குறியில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1943இன் நடுப்பகுதியில் இருந்து இந்தப் பிராந்தியத்து பிரித்தானிய விமானங்களில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்கச் சிவப்பு நடுப்புள்ளியை நீக்கிவிட்டார்கள். நீங்கள் கட்டுவது 1942 ஏப்ரலில் குதிரைப்பந்தயத் திடலில் நின்ற விமானமானால் சிவப்பு இருக்க வேண்டும். வெப்பமண்டலத்துக்கு வந்த ஹரிகேன்கள் பலவற்றில் மூக்கின் அடியில் தூசி வடிகட்டி ஒன்று புடைத்து நிற்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட விமானத்தின் படத்தில் அது இருந்தால், பொருத்துங்கள். எஞ்சினுக்குக் காற்று வழியாகவும் அதைத் திறந்துவிடலாம். கடைசிப் பூச்சு பெற்றோலைத் தாங்குகிறதா என்று ஒரு துண்டுப் படலத்தில் சோதித்த பிறகே விமானத்தில் அடியுங்கள்.

எஞ்சினை எழுப்புதல்

மொட்டைமாடியில் வேண்டாம். 55 சிசி எஞ்சினின் சத்தத்துக்கு அயலவர்கள் பொலிஸைத்தான் கூப்பிடுவார்கள். பறக்கும் இடத்திலேயே, வாலைத் தரையில் அடித்த முளையில் கட்டி, ஒருவர் இறக்கையைப் பிடித்திருக்க, தீயணைப்பான் அருகில் இருக்க ஓடவிடுங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவதானால் தடித்த தோல் கையுறை. எஞ்சின் ஓடும்போது ஒருவரும் புரொப்பெல்லரின் சுழற்சித் தளத்துக்கு நேராக நிற்கக்கூடாது. சரிசெய்ய வேண்டியவற்றைப் பின்னால் நின்று செய்யுங்கள். கார்பரேற்றரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிகளைக் கையேட்டு அளவில் வைத்துத் தொடங்கி, முதல் சில கலங்கள் சற்றுக் கொழுப்பாகவே, அதாவது எரிபொருள் கூடுதலாகவே, ஓடட்டும்.

ரேடியோ எல்லைச் சோதனையை இருமுறை செய்யுங்கள்: ஒன்று எஞ்சின் நின்றிருக்க, மற்றது ஓடிக்கொண்டிருக்க. டிரான்ஸ்மிற்றரைச் சோதனை நிலையில் வைத்து, முப்பது அடி எடுத்து நடந்து போங்கள். இரண்டாவது முறை சர்வோக்கள் துடித்தால் தீப்பொறியின் இரைச்சல் எங்கோ புகுகிறது. வயர்களைப் பிரித்து, கண்டுபிடித்த பிறகே அடுத்த படி.

பறக்கும் நாளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலைகள் நல்லவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடியும் மழையும் வரும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். முதற்பறப்பை, இந்த அளவில் பறந்து பழகிய ஒருவரின் கையில் கொடுங்கள். வேகம் கூட்டும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது றடரை மெல்லக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இறங்கியதும் படம் எடுப்பதற்கு முன் எஞ்சின் மூடியைக் கழற்றுங்கள். சைலன்சர் போல்ட்களும் புரொப்பெல்லர் போல்ட்களும் முதற்பறப்பில் நிச்சயம் தளரும், இறுக்குங்கள். இரண்டு பற்றரிகளிலும் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்: காப்பி நிறமானால் சரி, வெள்ளையானால் எரிபொருள் போதவில்லை, ஊசியைச் சற்றுத் திறந்துவிட்டுத்தான் இரண்டாவது பறப்பு.